கப்பலின் அடிவயிற்றில் ஒரு சலவைக்கூடம்

கதவைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாது. சாதாரண இரும்புக் கதவு; 'பணியாளர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை. இந்தப் பக்கம் கம்பளம், சரவிளக்கு, மெல்லிய பியானோ இசை. கதவைத் தள்ளி அந்தப் பக்கம் கால் வைத்தால்... அடேயப்பா! வெறும் இரும்புத் தரை, தலைக்கு மேல் பின்னிப் பிணைந்த குழாய்கள், கப்பலின் மூக்கிலிருந்து வால் வரை நேராக ஓடும் ஒரு அகலமான நடைபாதை. பல சொகுசுக் கப்பல்களில் பணியாளர்கள் இதை 'ஐ-95' என்கிறார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையோரமாக மயாமியிலிருந்து வடக்கே ஓடும் நெடுஞ்சாலையின் பெயர் அது. தர்பூசணி ஏற்றிய தள்ளுவண்டி, படுக்கை விரிப்பு மூட்டைகள், சீருடையைச் சரிசெய்தபடி ஓடும் இளைஞர்கள் எல்லாம் இதன் வழியாகத்தான்.

பல நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை இந்தக் கதவுக்குப் பின்னால் சுற்றிக் காட்டுகின்றன. கேப்டன் நிற்கும் பிரிட்ஜைப் பார்க்கத்தான் எல்லாரும் துடிப்பார்கள். சமையல்கூடத்தில் கைப்பேசிகள் படம் எடுத்துத் தீராது. என் மனமோ லாண்டரி எப்போது வரும் என்றே அடித்துக்கொள்ளும். நீண்ட கப்பல் பயணத்துக்கு எத்தனை உடை வேண்டும் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது!

சலவைக்கூடம் கீழ்த்தளங்களில், நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும். தண்ணீர் நிரம்பிய கனத்த இயந்திரங்கள் கப்பலின் அடியில் இருப்பதே நல்லது. ஜன்னலுள்ள மேல்தளங்களை எந்த நிறுவனமும் துவைக்கும் இயந்திரத்துக்குக் கொடுக்காது. உள்ளே நுழைந்தவுடன் முகத்தில் அடிப்பது சூடு. அடுத்தது சத்தம். 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். நிரம்பினால் 7,600 பயணிகள். பணியாளர்கள் மட்டும் 2,350 பேர். இத்தனை பேருக்கும் விரிப்பு, தலையணை உறை, குளியல் துண்டு. அதற்கு மேல் சாப்பாட்டு மேசை விரிப்புகள், சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுகள், நீச்சல்குளத் துண்டுகள். ஒரு கூட்டம் காலையில் இறங்கி அடுத்த கூட்டம் மதியம் ஏறும் நாளில், சில மணி நேரத்துக்குள் எல்லாப் படுக்கை விரிப்புகளும் உருவப்பட்டுப் புதியவை விரிக்கப்படும்!

அங்கே கண்ணை எடுக்கவே முடியாத ஒன்று உண்டு. சூடேறிய பெரிய உருளைகள் கொண்ட இஸ்திரி இயந்திரம். ஈர விரிப்பின் இரு முனைகளையும் இருவர் பிடித்து உதறி ஒரு பக்கம் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் அது காய்ந்து, மொடமொடவென்று, மடித்தே வெளியே வந்து விழுகிறது. அந்த முனைகளைப் பிடிக்கும் கைகளின் வேகம் இருக்கிறதே! எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

தண்ணீர் எங்கிருந்து? கடலிலிருந்துதான். என்ஜினின் வீண் வெப்பத்தைக் கொண்டு, அழுத்தத்தைக் குறைத்துக் கடல்நீரைக் குறைந்த சூட்டிலேயே ஆவியாக்கிக் குளிரவைக்கிறார்கள். இல்லையென்றால் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பைப் பிரிக்கிறார்கள். சில கப்பல்களில் ஏ.சி. இயந்திரங்களில் சொட்டும் நீரைக்கூடச் சேகரித்து லாண்டரிக்கு அனுப்புகிறார்கள். அறையைக் குளிர்வித்த காற்றிலிருந்து வடிந்த நீர், நம் சட்டையைத் துவைக்கிறது! இப்படிக் கிடைக்கும் நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகக் குறைவு. அதனால் சோப்பு நுரைத்துத் தள்ளும். கேபினில் கையால் துவைப்பவர்களுக்கு இது முக்கியமான சேதி: வீட்டில் போடும் தூளில் பாதி போதும். அதிகம் போட்டால் அலசி மாளாது.

கப்பலில் ஏறுபவர்கள் அதிகம் முணுமுணுக்கும் ஒரு விதிக்கும் காரணம் இந்தக் கூடத்தில் கிடைக்கிறது. கேபினுக்குள் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை. கையடக்கமான நீராவி இஸ்திரிக்கும் பெரும்பாலான கப்பல்களில் தடைதான். பெட்டியைச் சோதிக்கும்போது எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடியும்போது திருப்பித் தருவார்கள். கடல் நடுவே தீயைவிடப் பெரிய பயம் மாலுமிக்குக் கிடையாது. 1996 ஜூலையில் அலாஸ்காவின் ஜூனோ அருகே 'யூனிவர்ஸ் எக்ஸ்ப்ளோரர்' கப்பலின் லாண்டரியில் பிடித்த தீயின் புகையில் பணியாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். 1998 ஜூலை 20 அன்று மயாமியிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் 'எக்ஸ்டஸி' தீப்பிடித்தது. அதுவும் லாண்டரியில்தான் தொடங்கியது. அனுமதியின்றிச் செய்த வெல்டிங் வேலையின் பொறி, காற்றுக் குழாயில் படிந்திருந்த பஞ்சுத் தூசியில் பற்றி, குழாய் வழியே பின்தளத்துக்கு ஓடி, கப்பலைக் கட்டும் கயிற்றுக் குவியலைப் பிடித்துக்கொண்டது. துணி உலர்த்தும்போது வடிகட்டியில் சேருமே மெத்தென்ற அந்தப் பஞ்சு, அதேதான். உலர்த்தியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் அதைத்தான் வழித்தெடுக்கிறேன், நீங்களும் செய்யுங்கள்.

சரி, மேலே வருவோம். குஷியான இடம் அங்கே காத்திருக்கிறது: பயணிகளே துவைத்துக்கொள்ளும் லாண்டரெட்!

எல்லாக் கப்பலிலும் இது கிடையாது. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி கப்பல்களில் பயணிகளுக்கென்று இல்லை. கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி கப்பல்கள் பலவற்றில் காசு கொடுத்துத் துவைக்கலாம். வைக்கிங்கின் கடல் கப்பல்களிலும் குனார்டின் 'குயீன் மேரி 2'விலும் இலவசம். 2004இல் முதல் பயணம் போன அந்தப் பெரிய ராணியில், மாலையில் கறுப்பு டை கட்டி மிடுக்காக நடக்கும் கனவான்கள் காலையில் அரைக்கால் சட்டையோடு உலர்த்தியின் முன் வரிசையில் நிற்பார்கள். நம் ஊர்த் தெருக்குழாயடிதான் அது! எந்தத் துறைமுகத்தில் நல்ல காபி கிடைக்கும், யாருடைய மகள் எந்த ஊரில் இருக்கிறாள், நாளைக்குக் கடல் கொந்தளிக்குமா, எல்லாம் அங்கே தெரிந்துவிடும். சுழல் முடிந்தும் துணியை எடுக்க வராதவரின் ஈரத்துணியை அடுத்தவர் எடுத்து வெளியே வைக்கலாமா என்பதில் சண்டைகூட வரும். கரை தொடாத நாட்களின் காலைதான் அங்கே நெரிசல் உச்சம். எல்லாரும் ஊர் சுற்ற இறங்கிய துறைமுக நாளில் போனால் இயந்திரங்கள் காலியாக இருக்கும். இஸ்திரிப் பலகையும் பெட்டியும் பெரும்பாலும் அங்கேயே உண்டு.

லாண்டரெட் இல்லாத கப்பல் என்றால் கேபின் அலமாரியில் ஒரு பையும் படிவமும் இருக்கும். உருப்படிக்கு உருப்படி விலை. ஒரு சட்டைக்கே சில டாலர் போய்விடும். இப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. ஆனால் பயணத்தின் நடுவே ஒருநாள் 'பை நிறையத் துணி, ஒரே விலை' என்று சீட்டு வரும். அன்று எனக்குத் திருவிழா! டி-சர்ட்டுகளைப் பாய்போலச் சுருட்டி அடுக்கினால் அந்தச் சின்னப் பை விழுங்கும் அளவைப் பார்த்து வியந்துபோவீர்கள். ஜீன்ஸ், இரவு உடை, காலுறை எல்லாம் அதற்குள் போகட்டும். ஒன்று மட்டும் கவனம்: அதில் எல்லாவற்றையும் சேர்த்துத் துவைத்து, சூடாக உலர்த்தி, மடித்துத் தருவார்கள், இஸ்திரி கிடையாது. சாயம் போகும் சுங்குடியும் மெல்லிய பட்டும் அந்தப் பையின் பக்கமே போகக்கூடாது.

லாண்டரெட்டுக்கும் இந்தப் பைக்கும் இடையில் கேபின் குளியலறை இருக்கிறது. அங்கே நடக்கும் ஜாலங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. குளிக்கும் இடத்தின் சுவரில் ஒரு சின்ன வட்டக் குமிழ் இருக்கும். இழுங்கள், எதிர்ச்சுவர் வரை ஒரு கயிறு நீண்டு வரும்! கேபின் சுவர்கள் பெரும்பாலும் உலோகம் என்பதால் காந்தக் கொக்கிகள் பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும். ஆறு கொக்கி கொண்டுபோனால் சுவரே கொடிக்கம்பி. துவைத்ததைப் பிழிந்து, உலர்ந்த குளியல் துண்டின் மேல் விரித்து, சேர்த்துச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு தொங்கவிட்டால் ஏ.சி.யின் உலர்ந்த காற்றில் உள்ளாடையும் மெல்லிய சட்டையும் காலைக்குள் காய்ந்துவிடும். ஜீன்ஸ் காயாது. பால்கனியில் காயப்போடலாமே என்று தோன்றும், வேண்டாம். காற்றில் பறந்து போகும் என்பதால் அதற்குத் தடை உண்டு. தவிர, உப்புக் காற்றில் துணி பிசுபிசுவென்றே இருக்கும்.

ஆக எத்தனை உடை? பதினைந்து நாள் பயணமானாலும் உலகைச் சுற்றும் நாலு மாதப் பயணமானாலும் ஒரு வாரத்துக்கானது போதும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'செரினேட் ஆஃப் த சீஸ்' 2023 டிசம்பர் 10 முதல் 2024 செப்டம்பர் 10 வரை 274 இரவுகள் உலகைச் சுற்றியது. முழுப் பயணத்துக்கும் பதிந்தவர்களுக்கு நிறுவனம் அறிவித்த சலுகைகளில் துவைத்து மடித்துத் தருவதும் ஒன்று. ஒன்பது மாதத்துக்குத் தேவையானது பெரிய பெட்டி அல்ல, துவைக்க ஒரு வழி என்று கப்பல்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது! கப்பலில் பெட்டியின் எடையை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. கப்பலை அடைய ஏறும் விமானத்தில் பார்ப்பார்கள். ஜன்னலில்லாத சாதாரண கேபின் 150 முதல் 180 சதுர அடிதான். காலிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடும். நிரம்பிய பெட்டிகள் இரண்டு வந்தால் இருவர் நடக்க இடமிருக்காது.

ஒன்றோடொன்று சேரும் நிறங்களில் மேலுடை ஐந்து, கீழுடை மூன்று, செருப்பு, நடக்க ஒரு ஷூ. கனமான கோட்டைப் போட்டுக்கொண்டே ஏறிவிடுங்கள். இனி எனக்குப் பிடித்த பகுதி: நம் புடவையும் வேட்டியும் பெட்டிக்கென்றே பிறந்தவை! தட்டையாக மடியும், கப்பல் சாப்பாட்டில் உடம்பு கூடினாலும் அளவு பிசகாது. குனார்டின் விருந்து இரவுகளில் அவரவர் நாட்டின் சம்பிரதாய உடைக்கும் இடமுண்டு. ஆகவே ஒரு பட்டுப்புடவை, ஒரு பட்டு வேட்டி இருந்தால் கவுனும் டக்சிடோவும் சுமக்க வேண்டாம். ரவிக்கையை மாற்றினால் அதே புடவை அடுத்த விருந்துக்குப் புதிது. ஆனால் அன்றாடத்துக்குக் கஞ்சி போட்ட பருத்திப் புடவை சரிப்படாது. ஐந்தரை மீட்டரை அந்தக் குளியலறையில் எங்கே விரிப்பது? ஜார்ஜெட்டோ கிரேப்போ கொண்டுபோங்கள், இரவில் போட்டால் காலையில் கட்டலாம். ஈரிழைத் துண்டு ஒன்று கட்டாயம். தீவுகளில் இறங்கும்போது துவட்டவும் வெயிலுக்கும் அதுவே. நீச்சல்குளத் துண்டைக் கப்பலே தரும்; திருப்பித் தராவிட்டால் கணக்கில் விலை ஏறும். கரீபியன் பக்கம் போகிறவர்கள் ராணுவப் புள்ளிகள் போட்ட உடையை வீட்டிலேயே விடுங்கள். பார்படோஸ், செயின்ட் லூசியா, டிரினிடாட் போன்ற நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

மறுபடி கீழே, அந்தச் சூட்டில் நிற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா, சீனா என்று பல நாடுகளிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வந்தவர்கள். கப்பல் சலவைக்காரர்களின் வரலாறு நீண்டது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் ஹாங்காங் சீனர்கள்தான் பல காலம் துவைத்தார்கள். 1982 ஃபாக்லாந்து போரில் தாக்கப்பட்டு மூழ்கிய 'ஷெஃபீல்ட்', 'கோவென்ட்ரி' கப்பல்களில் உயிரிழந்தவர்களுள் அவர்களும் உண்டு. நம் சட்டைக் காலரின் உள்பக்கம் கேபின் எண்ணோடு ஒரு சின்னச் சீட்டைக் குத்தி, ஆயிரக்கணக்கான துணிகளுக்கு நடுவே அது வழிதவறாமல் திரும்பி வரச் செய்பவர்களும் இன்று கீழே நிற்கும் இவர்கள்தான். சுற்றிப் பார்க்கப் போனால் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பயணிகளின் முகம் அங்கே அடிக்கடி தெரிவதில்லை.

டிக்கெட் எடுக்குமுன், 'லாண்டரெட் இருக்கிறதா, இலவசமா?' என்று கேளுங்கள். ஏறும் நாளில் பெரிய பெட்டி கேபினுக்கு வந்துசேர மாலையாகலாம். மருந்தும் நீச்சலுடையும் கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டால் அதை மறுநாள் கரையில்தான் பார்ப்பீர்கள். வைப்பதற்கு முன், காலையில் உடுத்த ஒரு செட் துணியை எடுத்துவிட்டோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.