மலை ரெயிலில் தலையை நீட்டாதீங்க!

ஊட்டிக்கு விமானம் கிடையாது. கோவையில் விமானத்தை விட்டு இறங்குகிறவர்களும் மேட்டுப்பாளையம் வந்து மலை ரெயில் ஏறுகிறார்கள்.

விமானத்திலே "பெல்ட் போடுங்க" என்றால் மறுபேச்சு கிடையாது. இங்கே வந்ததும் ஒரே ஆட்டம்தான்!

1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த ரெயில் இது. மொத்தம் 46 கிலோ மீட்டர்.

பின்னால் என்ஜின்

கல்லாறு தாண்டியதும் செங்குத்து ஏற்றம். தண்டவாளத்தின் நடுவே உள்ள பல் சட்டத்தைக் கவ்விக் கவ்வி என்ஜின் ஏறும். இழுப்பது இல்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது!

டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன்தான் அவருக்குக் கண். பாறை கிடந்தாலும், யானை நின்றாலும் அவர் கொடி காட்டுவார். அதைப் பார்த்து அடுத்த பெட்டி பிரேக்மேன் காட்டுவார். இப்படியே என்ஜின் வரை போகும்.

ஜன்னலில் நாலு தலை, எட்டுக் கை நீண்டால் கொடி எப்படித் தெரியும்? "அண்ணே, ஒரு போட்டோ" என்று அவரையே திருப்புகிறவர்களும் உண்டு. அந்த நேரம் பாதையைப் பார்ப்பது யார்?

வழியில் 16 குகைகள். பாறைச் சுவர் பக்கத்திலேயே உரசுவது போல வரும். குழந்தைகள் 'ஓ'வென்று கத்தட்டும், போகட்டும். தலை மட்டும் உள்ளே இருக்கட்டும்!

ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் பிடிக்கும். அங்கே குரங்குக்கு பிஸ்கட் நீட்டினால் பையும் சேர்ந்து போகும்.

குன்னூரில் என்ஜின் மாற்றுவார்கள். ஜன்னல் ஓரம் வந்தவர், நடுவில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அங்கே இடம் மாறிக் கொடுக்கலாம். ஊட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.