தொலைக்காட்சித் திரையின் அளவு



தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்லும் எவரும் கடைக்காரரிடம் முதலிற் கேட்பது, "இது எத்தனை அங்குலம்?" என்பதே. அவரும் 32 என்றோ, 43 என்றோ, 55 என்றோ ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண் எதனை அளந்து பெறப்பட்டது என்று வினவுவோர் மிகச் சிலர். சில ஆண்டுகளுக்கு முன்வரை நானும் வினவியதில்லை. அதனால் விளைந்த இடர் எனக்கன்று, எங்கள் பாடசாலை மாணவி ஒருத்திக்கே நேர்ந்தது. அதனைக் கூறுமுன் அவ்வெண்ணின் பொருளை ஆராய்வோம்.

அது திரையின் அகலமுமன்று, உயரமுமன்று. ஒரு மூலையிலிருந்து அதற்கு எதிரான மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தின் நீளமே அது. மேசையையோ பாயையோ நாம் இவ்வாறு குறுக்காக அளப்பதில்லையே. திரையை மாத்திரம் ஏன் அளக்கின்றனர்? தொடக்க காலப் பெட்டிகள் பலவற்றிற் படக்குழாயின் முகம் வட்டமாயிருந்தது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் விற்பனைக்கு விட்ட பெட்டியில் 10 அங்குல விட்டமுள்ள வட்டக் குழாய் இருந்தது. வட்டத்துக்கு விட்டமே அளவு. பின்னர் நாற்கோணக் குழாய்கள் வந்தபோது, விட்டத்தின் இடத்தை மூலைவிட்டம் பெற்றது. குழாய்கள் வழக்கொழிந்து தட்டைத் திரைகள் வந்துவிட்ட இந்நாளிலும் அவ்வழக்கம் மாறவில்லை.

ஆயினும் மூலைவிட்டம் ஒன்றை மாத்திரம் கொண்டு திரையின் அகலத்தையும் உயரத்தையும் அறிய இயலாது. அவற்றிடையேயுள்ள விகிதமும் தெரிதல் வேண்டும். பழைய பெட்டிகளில் அவ்விகிதம் 4:3. அஃது ஊமைப்பட காலத்து 35 மில்லிமீற்றர்த் திரைப்படச் சுருளிலிருந்து வந்தது. பைதகரசின் தேற்றம் பயின்ற மாணவருக்கு இது மிக எளிது. பக்கங்கள் 4, 3 ஆயின் மூலைவிட்டம் 5. ஆகவே, 20 அங்குலப் பழைய திரையின் அகலம் 16 அங்குலம். உயரம் 12 அங்குலம்.

1953ஆம் ஆண்டுக்குப் பின்னர்ச் சினிமாத் திரைகள் பெரிதும் அகன்றன. பழைய வடிவப் படங்களும் அகலத் திரைப் படங்களும் ஒரே பெட்டியில் ஓரளவு நன்கு பொருந்துதல் வேண்டுமென்று கருதி, 1980களில் கேர்ன்ஸ் பவர்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 16:9 என்னும் விகிதத்தை முன்மொழிந்தார். இன்று கடைகளில் விற்கப்படும் பெட்டிகள் பெரும்பாலும் இவ்விகிதத்தையே உடையன. இவற்றில் மூலைவிட்டத்தை 0.87 ஆற் பெருக்கினால் அகலமும், 0.49 ஆற் பெருக்கினால் உயரமும் கிடைக்கும். அதாவது, உயரம் மூலைவிட்டத்தின் பாதியிலும் சற்றுக் குறைவு.

இனி எங்கள் பாடசாலைக்கு வருவோம். அங்கு நெடுங்காலம் 29 அங்குலப் பழைய பெட்டி ஒன்று பயன்பட்டு வந்தது. அது பழுதுற்றபோது, பெற்றாரிடம் பணம் சேர்த்து 32 அங்குலப் புதிய பெட்டி ஒன்றை வாங்கினோம். மூன்று அங்குலம் பெரிது என்று மகிழ்ந்தோம். உண்மை வேறாயிருந்தது. பழைய குழாயிற் கண்ணுக்குப் புலப்பட்ட பகுதியின் மூலைவிட்டம் ஏறக்குறைய 27 அங்குலமே. அதன் உயரம் 16.2 அங்குலம். புதிய திரையின் உயரமோ 15.7 அங்குலம். அகலம் கூடிற்று, உயரம் குறைந்தது. எங்களிடமிருந்த பாட இறுவட்டுக்கள் பழைய வடிவின. அவற்றை இட்டால் இரு மருங்கும் கருமை தோன்ற, நடுவே முன்னையதிலும் சிறிய படமே தெரிந்தது.

ஒருநாட் புவியியற் பாடத்தில் ஆறுகளின் படம் காட்டப்பட்டது. கடைசி வாங்கிலிருந்த மாணவியின் கொப்பியில் ஆறுகளின் பெயர்கள் இடம்மாறிக் கிடந்தன. பக்கத்திலிருந்தவளைப் பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டாள். "படம் தெரிந்தது சேர், எழுத்துத்தான் தெரியவில்லை" என்றாள். கண்ணிற் குறையோ என்றஞ்சிப் பரிசோதிக்க அனுப்பினோம். கண்ணில் யாதொரு குறையுமில்லை. குறை எமது கணக்கிலேயே இருந்தது.

திரையில் எழுத்துக்களை வாசிக்க வேண்டுமாயின், பார்ப்பவர் படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்குக்கு அப்பால் இருத்தலாகாது என்பது வகுப்பறைகளுக்குப் பொருந்தும் ஒரு பொது விதி. 32 அங்குலத் திரைக்கு இத்தூரம் ஏறக்குறைய 8 அடி. 43 அங்குலத்துக்குப் பத்தரை அடி. 65 அங்குலத்துக்கு 16 அடி. எங்கள் கடைசி வாங்கு 20 அடி தூரத்திலிருந்தது. அதற்கு 40 அங்குல உயரமான திரை, அதாவது 82 அங்குலப் பெட்டி வேண்டும். அது எமது கைக்கு எட்டாதது. ஆதலின் வகுப்பை இரு பிரிவாக்கி, வாங்குகளை முன்னே நகர்த்தி, பெயர்களைக் கரும்பலகையிலும் எழுதச் செய்தோம். அவ்வாண்டு அம்மாணவியின் கொப்பி திருந்திற்று.

இன்னுமொரு செய்தி. மூலைவிட்டம் இருமடங்கானால் திரையின் பரப்பு நான்கு மடங்காகும். 64 அங்குலத் திரையொன்றில் 32 அங்குலத் திரைகள் நான்கு அடங்கும். ஆகவே எண்ணிற் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு கண்ணிற் பெரிதாகத் தோன்றும். 4கே என்பது போன்ற குறிகள் திரையிலுள்ள படப்புள்ளிகளின் தொகையைக் குறிப்பனவேயன்றித் திரையின் பருமனைக் குறிப்பனவல்ல. புள்ளிகள் மிகுந்தால் எழுத்துத் தெளிவாகும், பெரிதாகாது.

பெட்டி வாங்க எண்ணுவோர், கடைக்குச் செல்லுமுன் ஒரு காரியம் செய்யலாம். கருதிய திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ப வெள்ளைத் தாளை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். பாடப்படத்தில் எழுத்துக்கள் எவ்வளவு உயரமாக வருமோ அவ்வளவில் அதன்மேற் சில சொற்களை எழுதுங்கள். பின்னர் எல்லாருக்கும் பின்னே இருக்கும் பிள்ளையை அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்பிள்ளை தடையின்றி வாசிக்குமாயின், அத்திரை உங்கள் அறைக்குப் போதுமானது.