சாரல் காற்றும் டில்லி வரியும்

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் தாங்காது. மேற்கே மலையைத் தாண்டி வரும் காற்று முகத்தில் சாரலைத் தெளிக்கும். மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்துவிட்டு நிற்கும் ஜனங்களுக்கு வேறு நினைவே இராது.

அதே காற்று சற்றுக் கிழக்கே வந்து, தென்காசிப் பெரிய கோவிலின் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிறது. இன்னும் கிழக்கே சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு என்று பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். வயலுக்கும் கரிசலுக்கும் நடுவே மூன்று சிறகுகளை விரித்தபடி ராட்சதக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஒரே காற்றுதான். குற்றாலத்தில் அது சாரல். சுரண்டையில் அது மின்சாரம்!

காற்று வருவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அதை மின்சாரமாக்குவதற்குப் பலருடைய அனுமதி வேண்டும். நிலம் கிராமத்தில் இருக்கிறது. கம்பியும் கம்பமும் சென்னையில் உள்ள மின்சார நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் சாமானுக்கு எவ்வளவு வரி என்பதை முடிவு செய்வது டில்லி. இந்த மூவரும் கலந்து பேசுகிறார்களா? அதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி.

லட்சியம் டில்லியில், வேலை ராஜ்யத்தில்

இந்தியாவில் பரீட்சார்த்தமாகக் காற்றாலைகள் நிறுவப்பட்டது 1986-ம் ஆண்டில். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்களில் நமது தூத்துக்குடியும் ஒன்று. பின்னர் கயத்தாற்றில் காற்றாலை இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் நிலையமே அமைந்தது. பல ஆண்டுகள் காற்று மின்சாரத்தில் தமிழ்நாடுதான் முதலிடம். சமீபத்தில்தான் குஜராத் முந்திக்கொண்டது. ஆனாலும் 11,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் இன்று நம் ராஜ்யத்தில் இருக்கின்றன.

கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகள் பாரிஸில் 2015-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி இந்தியா 2022-ல் கொடுத்த வாக்குறுதி என்ன? 2030-க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளில் இருக்க வேண்டும் என்பது. இந்தப் பாதி அளவை 2025-ம் ஆண்டின் நடுவிலேயே எட்டிவிட்டோம். பெருமைப்பட வேண்டிய செய்திதான்.

ஆனால் வாக்குக் கொடுத்தவர் ஒருவர், நிறைவேற்றுகிறவர் வேறொருவர். அரசியல் சட்டப்படி நிலமும் விவசாயமும் ராஜ்யங்களின் பொறுப்பு. மின்சாரம் இருவருக்கும் பொது. அந்நிய நாட்டு வாணிபமும் சுங்க வரியும் மத்திய சர்க்காருக்கு மட்டுமே உரியவை. அந்நிய நாடுகளுடன் செய்யும் உடன்படிக்கைகளுக்காகப் பார்லிமெண்ட் எந்த விஷயத்திலும் சட்டம் செய்யலாம் என்று 253-வது ஷரத்து வேறு சொல்கிறது. அதாவது, கல்யாணத்தை நிச்சயம் செய்கிறவர் டில்லியில் இருக்கிறார். பந்தல் போட்டுச் சமைத்துப் பரிமாற வேண்டியவர் சென்னையில் இருக்கிறார்!

சோலார் பேனலுக்கு வந்த வரி

ஓர் உதாரணம் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து வரும் சோலார் பேனலுக்கு 40 சதவிகிதமும், அதன் உள்ளே இருக்கும் செல்லுக்கு 25 சதவிகிதமும் சுங்க வரி என்று மத்திய சர்க்கார் தீர்மானித்தது. 1-4-2022 முதல் அது அமலுக்கு வந்தது. சீனாவிலிருந்து மலிவாக வந்து குவியும் சரக்கைத் தடுத்து, நம் நாட்டிலேயே தொழில் வளர வேண்டும் என்பது நோக்கம்.

நோக்கம் தவறு என்று சொல்லிவிட முடியாது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டானில் டாட்டா பவர் கம்பெனியார் ஆண்டுக்கு 4,300 மெகாவாட் அளவுக்குச் செல்லும் பேனலும் செய்யக்கூடிய பெரிய தொழிற்சாலை கட்டியிருக்கிறார்கள். இந்தச் சீமையின் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்கிறது. வெளிச் சரக்குக்கு வரி இருந்தால் அந்தத் தொழிற்சாலைக்குத் தெம்பு.

ஆனால் மறுபக்கம்? வெளிச் சரக்கு விலை ஏறினால் உள்நாட்டுச் சரக்கும் இறங்கி விற்காது. கிணற்று மோட்டாருக்குப் பேனல் போட நினைக்கும் சம்சாரிக்கும், மாடியில் நாலு பேனல் வைக்க நினைக்கும் வாத்தியாருக்கும் செலவு கூடும். மின்சாரத்தை விலைக்கு வாங்கும் ராஜ்ய மின்சார நிர்வாகத்துக்கும் அப்படியே. கங்கைகொண்டான் தொழிலாளிக்கு லாபம். ஆலங்குளம் விவசாயிக்குச் செலவு. இரண்டையும் தராசில் வைத்து எடை போட வேண்டுமானால், இருவரையும் அறிந்த ராஜ்ய சர்க்காரைக் கேட்காமல் எப்படிப் போட முடியும்?

வரி விஷயத்தை முன்கூட்டிச் சொன்னால் வியாபாரிகள் சரக்கைப் பதுக்கிவிடுவார்கள், ஆகவே ரகசியம் தேவை என்று ஒரு நியாயம் சொல்வதுண்டு. இந்த வரியில் அந்த நியாயமும் எடுபடாது. 2021 மார்ச் மாதமே, அதாவது ஓர் ஆண்டுக்கு முன்பே, மத்திய சர்க்கார் இதைப் பகிரங்கமாக அறிவித்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்ல முடிந்த விஷயத்தை ராஜ்யங்களைக் கூட்டிவைத்து விவாதிக்க ஓர் ஆண்டு போதாதா?

ஒரு சின்னக் கணக்கு

கதை அதோடு முடியவில்லை. 2025 பட்ஜெட்டில் பேனல் மீதான அடிப்படைச் சுங்க வரி 40-லிருந்து 20 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ‘அடடா, பாதியாகிவிட்டதே!’ என்று சந்தோஷப்பட வேண்டாம். அந்த 20-க்குப் பதிலாக, விவசாய அடிப்படை வசதிக்கான ‘செஸ்’ என்ற பெயரில் இன்னொரு 20 வந்து உட்கார்ந்துகொண்டது. வாங்குகிறவருக்கு வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் ராஜ்யங்களுக்குத்தான்.

எப்படி என்று கேட்கிறீர்களா? அடிப்படைச் சுங்க வரியில் வரும் பணத்தை மத்திய சர்க்கார் ராஜ்யங்களோடு பங்கு போட வேண்டும். 15-வது நிதிக் கமிஷன் வகுத்த பங்கு 41 சதவிகிதம். செஸ் பணத்தில் பங்கு கிடையாது. ஒரு கோடி ரூபாய்ச் சரக்கு வந்தால், முன்பு 40 லட்சம் வரியில் எல்லா ராஜ்யங்களுக்குமாகச் சேர்ந்து 16 லட்சத்துச் சொச்சம் வரும். இப்போது 20 லட்சத்துக்கு மட்டுமே பங்கு. எனவே 8 லட்சத்துச் சொச்சம்தான். பெயரை மாற்றியதில் பாதி போய்விட்டது! பருவநிலை லட்சியத்துக்காகக் கம்பி இழுக்க வேண்டியவரும், துணை மின் நிலையம் கட்ட வேண்டியவரும் யார்? பங்கை இழந்த அதே ராஜ்யங்கள் அல்லவா?

ஜெனீவாவில் நடந்த வழக்கு

அந்நிய வாணிபம் என்றால் ராஜ்யங்களுக்கு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக ஸ்தாபனத்தில் நடந்த வழக்குகளே அதற்குப் பதில்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் 2009-ல் ஒரு சட்டம் செய்தது. காற்றிலும் சூரிய ஒளியிலும் மின்சாரம் எடுப்பவர்களுக்கு நல்ல விலை தருவோம்; ஆனால் குறிப்பிட்ட அளவு சாமான் எங்கள் மாகாணத்தில் செய்ததாக இருக்க வேண்டும் என்றது. ஜப்பானும் ஐரோப்பிய யூனியனும் வழக்குத் தொடுத்தன. 2013-ல் கனடா தோற்றது. மாகாணம் நிபந்தனையைக் கைவிட வேண்டியதாயிற்று.

நம் கதையும் அதுவே. இந்தியாவின் சோலார் திட்டத்தில் உள்நாட்டுச் சரக்கையே வாங்க வேண்டும் என்றிருந்த நிபந்தனையை எதிர்த்து அமெரிக்கா 2013-ல் வழக்குப் போட்டது. 2016-ல் நாம் தோற்றோம். உடனே இந்தியா சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன், கலிபோர்னியா முதலிய எட்டு ராஜ்யங்கள் இப்படித்தானே செய்கின்றன என்று எதிர் வழக்குத் தொடுத்தது. 2019-ல் விசாரணைக் குழு இந்தியாவின் பக்கம் தீர்ப்பளித்தது!

இதிலிருந்து தெரிவது என்ன? ஒரு ராஜ்யம் தன் தொழிலுக்குக் கொடுக்கும் சலுகையைக் கூட அந்நிய நாடு ஜெனீவாவுக்கு இழுக்கலாம். நாளை தமிழ்நாட்டின் சலுகை ஒன்று அங்கே விசாரணைக்கு வந்தால், தமிழ்நாட்டுக்கு அங்கே நாற்காலி கிடையாது. டில்லியின் வக்கீல்தான் பேச வேண்டும்.

இனி இந்தப் பிணைப்பு இன்னும் இறுகும். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வாணிப உடன்படிக்கையில் சுற்றுச்சூழலுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. உருக்கு, அலுமினியம், சிமெண்ட் முதலியவற்றுக்கு, அவற்றைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவைக் கணக்கிட்டுக் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாட்டை ஐரோப்பிய யூனியன் 2026 ஜனவரி முதல் தொடங்கியிருக்கிறது.

மலைக்கு அப்பால் ஒரு சங்கிலி

செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தார் இந்தப் பாடத்தை முன்பே படித்தவர்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகளுடன் இந்தியா 2009 ஆகஸ்டில் வாணிப உடன்படிக்கை செய்துகொண்டது. மிளகும் ரப்பரும் விலை விழுந்துவிடும் என்று கேரளம் அலறியது. எங்களைக் கேட்கவில்லையே என்பது அதன் முறையீடு. அந்த அக்டோபரில் அங்கே ஆளும் கட்சியினர் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். உடன்படிக்கை 1-1-2010-ல் அமலுக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு கைகோத்து என்ன பயன்? பேச வேண்டிய நேரம் அதற்கு முன்பல்லவா!

கேட்க இடம் இருக்கிறதா?

முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஜி.எஸ்.டி. கவுன்சில் ஒன்று இருக்கிறது. அதில் மத்திய சர்க்காருக்கு மூன்றில் ஒரு பங்கு வோட்டு. ராஜ்யங்களுக்கு எல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முக்கால் பங்கு சேர்ந்தால்தான் தீர்மானம். காற்றாலைக்கும் சோலார் சாமானுக்கும் 5 சதவிகிதமாக இருந்த இந்த வரி 2021 அக்டோபரில் 12 ஆனது; 22-9-2025 முதல் மறுபடி 5 ஆயிற்று. ராஜ்யங்கள் உட்கார்ந்திருந்தும் வரி ஏறத்தான் செய்தது. ஆனால் ஏன் ஏற்றினீர்கள் என்று நம் மந்திரியை நாம் கேட்கலாம். சுங்க வரிக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை.

ராஜ்யங்களுக்கிடையேயான கவுன்சில் 1990-லேயே அமைந்தது. 2016 ஜூலையில் அதன் 11-வது கூட்டம் நடந்தது. அதன்பின் வருஷக்கணக்கில் கூடவில்லை. ராஜ்ய மந்திரிகளும் இடம்பெறும் வாணிப வாரியம் இருக்கிறது. ஆனால் அது யோசனை சொல்லும் சபைதான். உடன்படிக்கைகளால் ராஜ்யங்களின் அதிகாரம் பாதிக்கப்படும்போது அவற்றைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2010-ல் பூஞ்சி கமிஷன் சிபார்சு செய்தது. ஆனால் அதற்கென்று ஒரு சட்டம் இன்னும் வந்தபாடில்லை.

வெளிநாட்டுப் பேச்சில் இந்தியா ஒரே குரலில் பேச வேண்டும் என்பது வாஸ்தவம். கனடா என்ன செய்தது? ஐரோப்பிய யூனியனுடன் 2009-ல் பேச்சுத் தொடங்கியபோது மாகாண அதிகாரிகளையும் மேஜைக்கு அழைத்துக்கொண்டது. அதனால் கனடாவின் குரல் இரண்டாகிவிடவில்லை.

நாம் கேட்பதும் பெரிய விஷயமல்ல. வாணிப உடன்படிக்கையோ, மின்சாரத்தைப் பாதிக்கும் சுங்க வரியோ வருமுன், எந்த ராஜ்யத்துக்கு என்ன லாப நஷ்டம் என்ற கணக்கை அனுப்பி, பதில் வாங்கி, அந்தப் பதிலைப் பார்லிமெண்டில் வைக்க வேண்டும். ராஜ்யங்களுக்கிடையேயான கவுன்சிலை ஆண்டுக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும். பங்கு தர வேண்டிய வரியைச் செஸ் ஆக்குமுன் அங்கே காரணம் சொல்ல வேண்டும்.

சென்னைக்கும் ஒரு வார்த்தை உண்டு. டில்லி நம்மைக் கேட்க வேண்டும் என்றால், நாம் ஆலங்குளத்தைக் கேட்க வேண்டும். எந்த நிலத்தில் காற்றாடி நிற்பது, எந்தக் குளத்தங்கரை வழியாகக் கம்பி போவது என்பதைக் கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்யும் ராஜ்யம் டில்லிக்குப் போய் ‘எங்களையும் கேளுங்கள்’ என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குக் கனம் இருக்கும்.