டெங்கு: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதுமா? வாரம் ஒருநாள் வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

“எங்க வீட்டுப் பக்கம் சாக்கடையே கிடையாதுங்க. இங்க எப்படி டெங்கு கொசு வரும்?”

மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களிடம் பலரும் கேட்கும் கேள்வி இது. அவர்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டில் டார்ச் அடித்துக் காட்டும்போதுதான், அதில் தேங்கிய தண்ணீரில் புழுக்கள் நெளிவது தெரியவரும்.

டெங்குவைப் பரப்பும் ‘ஏடிஸ் எஜிப்டி’ கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. வீட்டிலும் வாசலிலும் தேங்கி நிற்கும் ஓரளவு தெளிந்த நீரே அதற்குப் பிடித்த இடம். ஒரு பாட்டில் மூடியில் தேங்கும் தண்ணீர்கூட அது முட்டையிடப் போதும்.

ஏன் வாரம் ஒருநாள்?

தண்ணீரில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்கச் சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும். அதற்குள் ஒருமுறை தண்ணீரை அப்புறப்படுத்திவிட்டால், கொசு பிறக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்கினாலே பெரும்பாலான வீடுகளில் இந்த வேலை முடிந்துவிடும்.

கொட்டினால் போதாதா?

போதாது. பலரும் தவறவிடும் இடம் இதுதான். ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையிடுகிறது. மிகச் சிறிய கறுப்புப் புள்ளிகள் போன்ற அந்த முட்டைகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினாலும் அவை போகாது. காய்ந்த நிலையிலேயே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். கோடையில் இட்ட முட்டை, மழை வந்ததும் கொசுவாவது இப்படித்தான்.

எனவே தண்ணீரைக் கொட்டிய பிறகு, டிரம், வாளி, தொட்டி ஆகியவற்றின் உள்பக்கத்தைச் சோப்புப் போட்டு, பிரஷ் அல்லது தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். 

“குழாய்ல தண்ணி வர்றதே நாலு நாளைக்கு ஒருதடவை. பிடிச்சு வச்சதை எப்படிக் கொட்டுறது?” என்ற கேள்வி நியாயமானது. அப்படிப்பட்ட வீடுகளில், தண்ணீர் வரும் நாளில், புதிதாகப் பிடிப்பதற்கு முன் டிரம்மைத் தேய்த்துக் கழுவலாம். பிடித்த பிறகு மூடி போட்டோ, துணியால் வாயை இறுகக் கட்டியோ வைத்தால் கொசு உள்ளே போக முடியாது.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

* ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு (மின் இணைப்பைத் துண்டித்த பிறகு)
* ஏர் கூலர், பூந்தொட்டியின் அடித்தட்டு, மணி பிளான்ட் வளரும் பாட்டில்
* கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், டயர், கொட்டாங்குச்சி, பெயின்ட் டப்பா
* மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கும் மூலை, மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி

தெருவில் புகை அடித்தால் பறக்கும் கொசுக்கள்தான் சாகும். வீட்டுக்குள் இருக்கும் முட்டையையும் புழுவையும் அந்தப் புகை ஒன்றும் செய்யாது.

பகலிலும் கொசுவலை

இந்தக் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். காலையிலும், பொழுது சாயும் முன்பும் அதிகம். பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கு அப்போதே கொசுவலை வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை நல்லது. டெங்கு வந்தவரும் கொசுவலைக்குள்தான் படுக்க வேண்டும். அவரைக் கடித்த கொசு, சில நாட்களில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் நோயைக் கடத்திவிடும்.

காய்ச்சல் விட்டால் பயமில்லையா?

திடீரெனக் கடும் காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு அவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும். தானாக வாங்கிப் போடவே கூடாது. கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என நீராகாரம் அடிக்கடி கொடுக்க வேண்டும்.

“ஜுரம் விட்டுடுச்சு, இனி பயமில்ல” என்று வீட்டில் நிம்மதி அடையும் நேரம்தான் உண்மையில் கவனம் தேவைப்படும் நேரம். காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள், அது இறங்கும் சமயத்தில்தான் சிலருக்கு நோய் தீவிரமாகிறது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கை வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

ஏடிஸ் கொசு அதிக தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஒரு வீட்டு டிரம்மில் பிறக்கும் கொசு கடிக்கப்போவது அந்த வீட்டுப் பிள்ளையை, இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை. அந்த டிரம்மைத் தேய்த்துக் கழுவ ஆகும் நேரமோ ஐந்தே நிமிடம்.