எச்.ஐ.வி. குழந்தைக்கு தட்டம்மை ஊசி போடலாமா?

பயந்து தள்ளிப்போட்டால்தான் ஆபத்து!

சென்னை—

"ஏற்கனவே நோஞ்சான் பிள்ளை. இந்த ஊசி வேற போட்டா தாங்குமா?"

எச்.ஐ.வி. கிருமி உள்ள குழந்தையின் தாய்க்கு வரும் சந்தேகம் இது. வெளியே கேட்கவும் கூச்சம். அக்கம்பக்கம் தெரிந்துவிடுமோ என்ற பயம். ஊசி போடும் நாளில் பேசாமல் இருந்துவிடத் தோன்றும்.

அங்கேதான் ஆபத்து!

தட்டம்மை காற்றில் பரவும் நோய். நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் 2 மணி நேரம் வரை கிருமி இருக்கும். தடுப்பு சக்தி இல்லாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேரைப் பிடித்துவிடும்.

எச்.ஐ.வி. குழந்தைக்கு வந்தால் உடம்பில் தடிப்பு தெரியாமலே கூட நுரையீரலைத் தாக்கும். உயிருக்கே உலை வைத்துவிடும்.

யாருக்குப் போடக்கூடாது?

இந்த ஊசி மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. 1993-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் முற்றிய ஒரு வாலிபருக்கு, ஊசியில் இருந்த கிருமியே நுரையீரலில் பரவியது.

அதனால் எதிர்ப்பு சக்தி அடியோடு குறைந்த குழந்தைக்கு இதைப் போடுவதில்லை. ரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் டாக்டர்கள் நிறுத்தி வைப்பார்கள்.

மற்ற எச்.ஐ.வி. குழந்தைகளுக்குப் போடலாம். போடவும் வேண்டும்!

எத்தனை ஊசி?

எல்லாக் குழந்தைகளுக்கும் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. தட்டம்மை பரவும் இடங்களில் எச்.ஐ.வி. குழந்தைக்கு 6-வது மாதத்திலேயே கூடுதலாக ஒன்று போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

போட்டாச்சு, கவலை விட்டது என்று இருக்க முடியாது. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஊசி போட்டு 2 ஆண்டுக்கு மேல் ஆனபோது, எச்.ஐ.வி. குழந்தைகளில் பாதிப் பேருக்குத்தான் தடுப்பு சக்தி மிஞ்சியிருந்தது.

எச்.ஐ.வி.க்கு கூட்டு மாத்திரை தொடங்கி, 6 முதல் 12 மாதத்தில் உடம்பு தேறிய பிறகு மறுபடியும் ஒரு ஊசி போட வேண்டும் என்பது இதனால்தான்.

ரகசியம் காக்க சட்டம்

ஊசி போடும் இடத்தில் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டாம். மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடம் கேட்டாலே போதும். எச்.ஐ.வி. பற்றிய விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் வந்த சட்டம் சொல்கிறது. 1097 என்ற எண்ணுக்கு போன் போட்டும் விசாரிக்கலாம். காசு கிடையாது.

பக்கத்து வீட்டில் தட்டம்மையா? வேப்பிலை செருகிவிட்டு காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 6 நாளுக்குள் போட வேண்டிய பாதுகாப்பு ஊசி ஒன்று தனியாக இருக்கிறது.

வீட்டில் உள்ள அண்ணன், தங்கைக்கும் தடுப்பு ஊசி தவறக்கூடாது. ஊசி போட முடியாத பிள்ளைக்கு அவர்கள்தான் வேலி!