சூதும் சட்டமும் – 9: ஜெயித்த பணம் யாருடையது?

சென்ற வாரம், தோற்ற பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆஸ்திரிய நீதிமன்றப் படி ஏறியவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் ஜெயித்தவர்களின் கதை.

2018 ஜனவரி கடைசியில் ஓர் இரவு, இங்கிலாந்தைச் சேர்ந்த ஒருவர் தன் கைபேசியில் பெட்ஃப்ரெட் நிறுவனத்தின் பிளாக்ஜாக் ஆட்டம் ஒன்றை ஆடினார். ஆடி முடித்தபோது அவர் கணக்கில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்திருந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15 கோடி ரூபாய். எடுக்கப் போனால் பணம் வரவில்லை. சில நாள் கழித்து நிறுவனத்திலிருந்து போன் வந்தது: மென்பொருளில் கோளாறு இருந்திருக்கிறது, ஜெயித்தது செல்லாது. பிறகு ஒரு சமரசப் பேச்சும் வந்தது. 60,000 பவுண்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் இதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. அவர் வாங்க மறுத்து வழக்குப் போட்டார்.

அந்த ஆட்டத்தின் பெயர் ‘ஃப்ராங்கி டெட்டோரி மேஜிக் செவன் பிளாக்ஜாக்’. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நாள் இருக்கிறது. 1996 செப்டம்பர் 28 அன்று ஆஸ்காட் மைதானத்தில் நடந்த ஏழு பந்தயங்களிலும் டெட்டோரி என்ற ஜாக்கியே ஜெயித்தார். அவர் மேல் அபிமானத்தில் ஏழு குதிரைகளிலும் சேர்த்துப் பணம் கட்டியிருந்த சாதாரண மக்களுக்கு அடித்தது யோகம். புக்கிகளுக்கு விழுந்தது அடி. கடைசிக் குதிரை ஃபுஜியாமா க்ரெஸ்ட் ஜெயிக்காது என்று நம்பி, வந்த பந்தயத்தையெல்லாம் ஏற்றுக்கொண்டவர் கேரி வில்ட்ஷர் என்ற மைதானப் புக்கி. அந்த ஒரே ஓட்டத்தில் லட்சக்கணக்கான பவுண்டு போயிற்று. மனிதர் ஓடி ஒளியவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்து அந்தக் கடனை அடைத்தார்.

வில்ட்ஷர் கைவிரித்திருந்தால் எந்த நீதிமன்றமும் அவரைத் தொட்டிருக்க முடியாது. 1845-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் அன்று நடைமுறையில் இருந்தது. பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை, ஜெயித்த பணத்துக்காக வழக்குப் போட முடியாது என்றது அதன் 18-ஆம் பிரிவு. பந்தயக் கடனை அங்கே மானக் கடன் என்பார்கள். கொடுக்காதவனை மைதானத்துக்குள் சேர்க்க மாட்டார்கள், அவ்வளவுதான் தண்டனை.

அந்தச் சட்டம் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி நடத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். கடனுக்குப் பந்தயம் கட்டிய காலத்தில் புக்கியும் ஏமாற்றலாம், தோற்ற வாடிக்கையாளரும் ஏமாற்றலாம். ஆன்லைன் வந்ததும் இந்தச் சமநிலை உடைந்தது. இப்போது முதலில் பணத்தைப் போட்டால்தான் ஆடவே முடியும். தோற்றால் நிறுவனம் யாரையும் கேட்க வேண்டியதில்லை, பணம் ஏற்கெனவே அதன் கையில். ஜெயித்தால் மட்டும்தான் ஒருவர் இன்னொருவரிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. பந்தயம் செல்லாது என்று சொல்லும் சட்டம் இன்றைக்குக் காப்பாற்றுவது பணத்தைக் கையில் வைத்திருப்பவரை மட்டும்தான். இந்தத் தொடரில் நான் சொல்ல வந்தவற்றில் இதை முக்கியமானதாக நினைக்கிறேன்.

பிரிட்டன் இந்த நிலையை மாற்றிக்கொண்டது. 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் 335-ஆம் பிரிவு, 2007 செப்டம்பர் 1 முதல், பந்தயத்தையும் மற்ற ஒப்பந்தங்களைப் போலவே நீதிமன்றத்தில் நிலைநாட்டலாம் என்றது. அதன்பின் நிறுவனங்களுக்கு இருந்த ஒரே கோட்டை ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’. கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் டிக் செய்கிறோமே, அதுதான்.

பெட்ஃப்ரெட் வழக்கில் நீதிபதி ஃபாஸ்டர் அம்மையார் அதைத்தான் உட்கார்ந்து படித்தார். பொது நிபந்தனைகள், மென்பொருள் உரிம ஒப்பந்தம், ஆட்ட விதிகள் என்று மூன்று ஆவணங்கள். கோளாறு ஏற்பட்டால் பணம் தர வேண்டியதில்லை என்ற வாசகம் இருக்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வாசகங்களின் நேர்ப் பொருள், ஆடுபவர் கண்ணுக்கே தெரியாமல் உள்ளே மறைந்திருக்கும் இப்படிப்பட்ட குறையை உள்ளடக்காது என்றார் நீதிபதி. அப்படியே உள்ளடக்கினாலும், சொன்னதையே திரும்பச் சொல்லும் நெருக்கமான பத்திகளுக்குள் புதைத்துவிட்டு, ஒருவரின் உரிமையைப் பறிக்கும் வாசகத்தை அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அது நியாயமும் அல்ல. 2021 ஏப்ரல் 7 அன்று, முழு விசாரணைக்கே போகாமல், பணத்தைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டது.

2025 மார்ச்சில் இதே வழியில் இன்னொரு தீர்ப்பு. பேடி பவர் நிறுவனத்தின் ‘வைல்ட் ஹேட்டர்’ ஆட்டத்தில் திரையில் சக்கரம் சுழன்று பெரிய ஜாக்பாட்டில் நின்றது. கிட்டத்தட்ட 11 லட்சம் பவுண்டு. கணக்கில் வந்ததோ 20,000 சொச்சம். உள்ளே இருக்கும் எண் ஒன்று, திரை காட்டியது வேறொன்று என்றது நிறுவனம். திரையில் காட்டியதைக் கொடு என்றது நீதிமன்றம்.

இதை வைத்து நீதிமன்றம் எப்போதும் ஆடுபவர் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 2019-ல் ஒருவர் தொலைபேசியில் 1,300 பவுண்டு பந்தயம் சொல்ல, மறுமுனையில் இருந்தவர் 13,000 என்று பதிந்துவிட்டார். வுல்வர்ஹாம்டனில் ஓடிய அந்தக் குதிரை 16-க்கு 1 விலையில் ஜெயித்தது. 1,300-க்கு உரியதை நிறுவனம் கொடுத்தது; 13,000-க்கு உரியதைக் கேட்டு அவர் வழக்குப் போட்டார், தோற்றார். தோற்றது சரிதான். பதிவில் நேர்ந்த தவறு என்று இரு பக்கமும் அறிந்திருக்கும்போது, அதைப் பிடித்துக்கொண்டு பத்து மடங்கு கேட்பது நியாயமில்லை.

நீதிமன்றத்துக்கு வராத தகராறுகள்தான் ஏராளம். அவற்றில் நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள் சில, திரும்பத் திரும்ப வருபவை: விலையைத் தவறாகப் போட்டுவிட்டோம், நீங்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறீர்கள், போனஸைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள், இது உங்கள் பணமே இல்லை, வேறொருவருக்காகக் கட்டியிருக்கிறீர்கள். கடைசிக் காரணத்தை 2016-ல் பெட்365 ஒரு வட அயர்லாந்து மாணவியிடம் சொன்னது. 12 குதிரைகளின் மேல் அவர் கட்டிய பந்தயத்துக்குத் தர வேண்டியது 10 லட்சம் பவுண்டு.

இவை எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. கள்ளக் கணக்குகள் உண்டு, பினாமி ஆட்டம் உண்டு. ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும்வரை அடையாள அட்டையைக் கேட்காத நிறுவனம், ஜெயித்த அன்று பாஸ்போர்ட், வங்கி அறிக்கை, மின்கட்டண ரசீது என்று அடுக்கினால் அதை எப்படி நம்புவது? பிரிட்டிஷ் சூதாட்ட ஆணையம் இதைப் புரிந்துகொண்டு 2019 மே முதல் விதியை மாற்றியது. அடையாளத்தை ஆடுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும்போது கேட்டு நிறுத்தக் கூடாது. தகராறு வந்தால் 1998 முதல் இயங்கும் ஐபாஸ் என்ற சுயேச்சையான தீர்ப்பு அமைப்பிடம் போகலாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது? 1848-ல் ஒரு விசித்திரமான வழக்கு. கல்கத்தாவில் அடுத்த அரசு ஏலத்தில் அபின் என்ன விலைக்குப் போகும் என்று பம்பாய் வியாபாரிகள் பந்தயம் கட்டினார்கள். அந்தப் பந்தயம் செல்லும் என்றது லண்டன் பிரிவி கவுன்சில். அதே ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தை ஒட்டி இங்கும் ஒரு சட்டம் போட்டுப் பந்தயங்களைச் செல்லாமல் ஆக்கினார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அது 30-ஆம் பிரிவாக உட்கார்ந்தது, இன்றும் அங்கேயே இருக்கிறது. ஜெயித்த பணத்தைக் கேட்டு இங்கே வழக்குப் போட முடியாது. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து, ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. புகார் கொடுக்கப் போனால் தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுத்ததாகும் என்று பயந்து ஒதுங்குபவர்கள்தான் அதிகம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்திருக்கிறது. ஆனால் தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான், ஆடியவருக்கு இல்லை. இந்த அணுகுமுறை எனக்குச் சரியாகப் படுகிறது.

தடையையும் மீறி வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஐபிஎல் பந்தயம் கட்ட ‘ஐடி’ விற்கிறார்கள். அந்த ஐடிக்குப் பின்னால் நிறுவனத்தின் பெயர் இல்லை, படிப்பதற்கு நிபந்தனைகள்கூட இல்லை. பணம் போவது யாரோ ஒருவரின் வாடகை வங்கிக் கணக்குக்கு. ஜெயித்துவிட்டால் அடுத்த மெசேஜ் இப்படி வரும்: ‘வித்ட்ரா பண்ண 30 சதவீதம் வரி முதலில் கட்டணும் சார்.’ கட்டினால் சரிபார்ப்புக் கட்டணம் என்பார்கள். அதையும் கட்டினால் நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த இடத்தில் மாட்டியிருந்தால், இன்னொரு ரூபாய்கூட அனுப்ப விடாதீர்கள். ஜெயித்த வருமானத்துக்கு வரி உண்டுதான், ஆனால் அதை வசூலிப்பது வருமான வரித்துறை. ஐடி விற்றவனுக்கு யுபிஐ-யில் யாரும் வரி கட்ட வேண்டியதில்லை. அனுப்பிய பணத்தின் விவரங்களோடு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும்.