பிள்ளைங்க பயறும் பஞ்சும் கேட்டா கொடுங்க



"அம்மா, ஒரு கை பச்சைப்பயறு கொடு, பஞ்சு கொடு, மூணு பழைய டம்ளர் வேணும், டீச்சர் கேட்டாங்க." பிள்ளை இப்படி வந்து நின்றால், "படிக்கிறதை விட்டுட்டு என்ன விளையாட்டு?" என்று நம்மில் பலர் அதட்டிவிடுகிறோம். அது விளையாட்டு இல்லீங்க, பாடமே அதுதான். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-ஐ ஒட்டி வந்த செயல்வழிக் கற்றலிலும் சரி, 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் சரி, பிள்ளைகள் கையால் செய்துபார்த்துப் படிக்க இடம் இருக்கிறது.

மூன்று டம்ளரிலும் பஞ்சு வைத்துப் பயறைப் போடுவார்கள். ஒன்றில் தண்ணீரே கிடையாது. அடுத்ததில் பஞ்சு நனையும் அளவுக்கு. மூன்றாவதில் பயறு மூழ்கும் அளவுக்கு. இரண்டு மூன்று நாளில் ஈரப் பஞ்சில் இருப்பது நன்றாக முளை விடும். காய்ந்தது அப்படியே கிடக்கும். மூழ்கினது காற்று கிடைக்காமல் அழுகி நாறும். விதைக்குத் தண்ணீரோடு காற்றும் வேணும் என்பதை மனப்பாடம் செய்யாமலே பிள்ளை தெரிந்துகொள்ளும். நாற்றங்காலில் நாம் ஏன் தண்ணீரை வடிக்கிறோம் என்று அப்போது வீட்டில் சொல்லிக் கொடுங்க, சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

காசித்தும்பைத் தண்டை வெட்டி சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் சிவப்புக் கோடு மேலே ஏறுவது தண்டிலேயே தெரியும். இதற்குச் செலவே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேணும். விதைக்காகக் கடையில் வாங்கின, சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் ஏறின விதையைப் பிள்ளை கையில் கொடுக்காதீங்க. அது மருந்து கலந்தது. சமையலுக்கு வைத்திருக்கும் முழுப் பயறே போதும் (உடைத்த பருப்பு முளைக்காது). விதை சேகரிக்கச் சொன்னால் பிள்ளைகள் அழகுக்காகக் குன்றிமணி, ஆமணக்கு, ஊமத்தை, அரளி என்று பொறுக்கி வரும். எல்லாமே விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-க்குப் போன் பண்ணுங்க.

இதே சோதனை நமக்கும் உதவும். கடன் வாங்கி உழுது விதைத்து, பாதி முளைக்காமல் போனால் யாருக்கு நட்டம்? வீட்டு விதையை நன்றாகக் கலந்து 100 எண்ணி எடுங்க. ஈரத் துணியில் பத்துப் பத்தாக வரிசை வைத்து, தளர்வாகச் சுருட்டி நிழலில் வையுங்க. காயாமல் தினமும் தண்ணீர் தெளிக்கணும். பயறு, உளுந்துக்கு 7 நாள், நிலக்கடலைக்கு 10 நாள், நெல்லுக்கு 14 நாள். எண்ணிச் சொல்லும் வேலையை அஞ்சாவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுங்க, சதவீதக் கணக்கும் சேர்ந்து வந்துடும். சான்று விதை என்றால் நெல்லில் 80, பயறு, உளுந்தில் 75, நிலக்கடலையில் 70 முளைத்தாக வேண்டும். உங்கள் விதை அதைவிட ரொம்பக் குறைந்தால் அதை நம்பி விதைக்க வேண்டாம். வேறு விதை தேட நாள் வேணுமில்லையா? அதனால் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே துணியை நனைச்சிடுங்க.